நின்ற இடத்தைச் சொல்லும் வழக்கம்

பழைய கணினியில் லினக்ஸையோ ஃப்ரீபிஎஸ்டியையோ ஏற்றிப் பார்ப்பவர்களுக்குப் பழக்கமான நிலை இது: மின்சாரம் போட்டதும் கறுப்புத் திரையில் வரிவரியாக எழுத்து ஓடும், நடுவில் ஓரிடத்தில் நின்றுவிடும், அதன் பிறகு கீபோர்டில் எதைத் தட்டினாலும் பதில் இருக்காது. 'ஹேங் ஆகிவிட்டது' என்கிறோம். இதைச் சரிசெய்யத் தெரிந்தவரிடம் போனால் அவர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: கடைசியாக என்ன வரி வந்தது? அந்தக் கேள்விக்கு விடை இருக்கிறது என்பதே ஒரு சாதனை. எந்த இயந்திரமும் தானாக அப்படிப் பேசுவதில்லை. ஒவ்வொரு வேலையையும் பெயர் சொல்லிச் செய்ய வேண்டும் என்பது ஒரு பழக்கம். வன்பொருளைப் பற்றி உரிமையாளர் சொல்வதை, அமைப்பின் மைய நிரலான கெர்னல் தன் ஊகத்துக்கு மேலாக மதிக்க வேண்டும் என்பது இன்னொரு பழக்கம். யூனிக்ஸ் வழியில் வந்த அமைப்புகளை எழுதியவர்கள் இவ்விரண்டையும் தெரிந்தே கைக்கொண்டார்கள். பழைய கணினியைப் பழுதுபார்க்கும் கலை, பழுதுபார்ப்பவரின் கெட்டிக்காரத்தனத்தைவிட இவ்விரண்டு பழக்கங்களையே அதிகம் நம்பியிருக்கிறது என்பது என் வாதம்.

1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் பிடிபி-7 இயந்திரத்தில் யூனிக்ஸைத் தொடங்கியபோதும், பிறகு அதைப் பிடிபி-11க்குக் கொண்டுசென்றபோதும், பூட் செய்வது பெரும்பாலும் கைவேலைதான். பிடிபி-11இன் முகப்பில் சுவிட்சுகளும் விளக்குகளும் வரிசையாக இருந்தன. 1975இல் வந்த ஆறாம் பதிப்பில், டிஸ்கின் முதல் பகுதி நினைவகத்துக்கு வந்ததும் முனையத்தில் '@' குறி தோன்றும். அங்கே 'யூனிக்ஸ்' என்று தட்டினால் கெர்னல் ஏறி, எவ்வளவு நினைவகம் இருக்கிறது என்று ஒற்றை வரி சொல்லும். முகப்புச் சுவிட்சுகளை எண்ம முறையில் 173030 என்று வைத்திருந்தால், பலரும் நுழையும் நிலைக்குப் போகாமல் ஒருவர் மட்டும் வேலை செய்யும் நிலையில் நிற்கும். பழுதுபார்ப்பவருக்காக வைத்த வழி அது. என்னென்ன சாதனங்கள் இணைந்திருக்கின்றன என்று அந்தக் கெர்னல் தேடவே தேடாது. நிர்வாகி பட்டியல் எழுதிக் கொடுப்பார். அந்த ஓர் இயந்திரத்துக்கென்றே கெர்னல் தொகுக்கப்படும். ஊகத்துக்கு இடமில்லாததால், ஊகம் தவறிச் சிக்கிக்கொள்ளவும் இடம் குறைவு.

கெர்னல் தேட ஆரம்பித்தது பெர்க்லி பல்கலைக்கழகத்தில். 1981 ஜூனில் வெளியான, அங்கே வளர்ந்த யூனிக்ஸ் வகையான 4.1பிஎஸ்டியில் ராபர்ட் எல்ஸ் எழுதிய தானியங்கி அமைவு நிரல் சேர்ந்தது. ஒரே கெர்னல், வெவ்வேறு சாதனங்கள் பூட்டிய வாக்ஸ் இயந்திரங்களில் ஏறி, அங்கே என்ன இருக்கிறது என்று தானே கண்டுபிடிக்கும். அதற்கு அந்த வன்பொருள் ஒத்துழைத்தது. வாக்ஸில் சாதனங்களை இணைத்த யூனிபஸ் என்ற பஸ்ஸில், இல்லாத முகவரியைக் கெர்னல் படிக்கப் போனால், குறித்த நேரத்துக்குள் பதில் வராததை வன்பொருளே கண்டு பிழை எழுப்பிவிடும். கெர்னல் அந்தப் பிழையைப் பிடித்துக்கொண்டு, அங்கே ஒன்றுமில்லை என்று தெரிந்து, அடுத்த முகவரிக்குப் போகும். சாதனம் இருந்தால் அதை வேண்டுமென்றே ஒரு இன்டரப்ட் (பிராசஸரை அழைக்கும் குறி) எழுப்பவைத்து, அது எந்த வழியாக வருகிறது என்று குறித்துக்கொள்ளும். கண்டுபிடித்த ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு வரி எழுதும். இன்று லினக்ஸிலும் ஓப்பன்பிஎஸ்டியிலும் ஓடும் பூட் வரிகளின் மூதாதை இந்த வரிகள்தாம். தேடுவதும் தேடியதைச் சொல்வதும் ஒன்றாகவே வளர்ந்தன.

அதே 1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் பிசியை வெளியிட்டது. 1984இல் ஏடி வந்தது. இவற்றில் இருந்த, ஐஎஸ்ஏ என்று பின்னாளில் பெயர் பெற்ற பஸ்ஸுக்கு, யூனிபஸ்ஸிடம் இருந்த அடிப்படைப் பண்பு ஒன்று இல்லை: 'இங்கே யாரும் இல்லை' என்று அதற்குச் சொல்லத் தெரியாது. இல்லாத போர்ட்டைப் படித்தால் பெரும்பாலும் எல்லா பிட்டுகளும் 1 ஆக வரும், பிழை எழாது. கார்டுகளுக்கு அடையாள எண்ணும் கிடையாது. எந்த முகவரி, எந்த இன்டரப்ட் என்பதைக் கார்டின் மேல் ஜம்பர்களைக் குத்தி மனிதர்தான் தீர்மானித்தார். ஏடியில் இருந்த இன்டரப்ட் வழிகள் 15. அவற்றில் 3 இரண்டாம் சீரியல் போர்ட்டுக்கு, 4 முதல் சீரியல் போர்ட்டுக்கு, 6 ஃபிளாப்பிக்கு, 14 ஹார்ட் டிஸ்குக்கு என்று முன்பே ஒதுக்கியாகிவிட்டது. போர்ட் முகவரிகளும் நெருக்கடிதான். நான்காம் சீரியல் போர்ட்டின் வழக்கமான முகவரி பதினறும எண்ணில் 2இ8; ஐபிஎம்மின் 8514 காட்சிக் கார்டும் அதே முகவரியைத் தனக்கென்று எடுத்துக்கொண்டது. அங்கே சீரியல் போர்ட் இருக்கிறதா என்று ஒரு நிரல் எழுதிப் பார்த்தால், எழுதியது காட்சிக் கார்டுக்குப் போய்ச் சேரும். பெயர்ப்பலகை இல்லாத தெருவில் ஒவ்வொரு கதவாகத் தட்டிப்பார்ப்பது போன்ற வேலை அது. சில வீடுகளில் தட்டுவதே வம்பாக முடிந்தது.

1990களின் தொடக்கத்தில் இந்தத் தெருவுக்குத்தான் இலவச யூனிக்ஸ் வகை அமைப்புகள் குடிவந்தன. 1991இல் ஹெல்சிங்கியில் லினஸ் டார்வால்ட்ஸ் லினக்ஸைத் தொடங்கினார். 1992இல் வில்லியம், லின் ஜோலிட்ஸ் தம்பதியின் 386பிஎஸ்டி வெளியானது. 1993இல் அதிலிருந்து நெட்பிஎஸ்டியும் ஃப்ரீபிஎஸ்டியும் கிளைத்தன. ஒரு இயந்திரத்துக்கு ஒரு கெர்னல் என்ற பழைய முறை இங்கே எடுபடாது. யார் வீட்டுக் கணினியில் என்ன கார்டு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒரே ஃபிளாப்பி எல்லோருடைய கணினியிலும் பூட் ஆக வேண்டும். ஆகவே வாக்ஸில் பழகிய தேடுதலை, தேடுதலுக்கு ஒத்துழைக்காத பஸ்ஸில் செய்ய வேண்டிவந்தது. நோவெல்லின் என்இ2000 நெட்வொர்க் கார்டும் அதன் மலிவான நகல்களும் இதில் பேர் போனவை. வழக்கமாக பதினறும எண்ணில் 300 என்ற முகவரியில் தொடங்கி 32 போர்ட்டுகளை அவை எடுத்துக்கொள்ளும். வேறு ஏதோ கார்டைத் தேடும் டிரைவர் அந்த இடத்தில் கைவைத்தால் இயந்திரம் அப்படியே உறைந்துபோகலாம். பூட் நேர ஹேங் இவ்வளவு பரவலானதற்கு முக்கியக் காரணம் இந்தப் பொருத்தமின்மை.

இதற்குக் கெர்னல் எழுதியவர்கள் கண்ட தீர்வில் ஒரு பணிவு இருந்தது. எல்லாம் தனக்குத் தெரியும் என்று கெர்னல் காட்டிக்கொள்ளவில்லை. உரிமையாளரிடம் காது கொடுத்தது. லினக்ஸைத் தொடங்கும்போது உரிமையாளர் தட்டச்சு செய்யும் பூட் வரியில் 'ரிசர்வ்' என்ற சொல்லோடு 300, 32 என்ற இரண்டு எண்களைச் சேர்த்தால், தேடுதலின்போது அந்த 32 போர்ட்டுகளை எந்த டிரைவரும் தொடாது. பிறகு 'ஈதர்' என்ற சொல்லால் நெட்வொர்க் டிரைவருக்கு மட்டும் அந்த முகவரியைக் காட்டிக்கொடுக்கலாம். ஃப்ரீபிஎஸ்டி, பூட் நேரத்தில் ஒரு பட்டியல் திரையைத் திறந்து, ஒவ்வொரு ஐஎஸ்ஏ கார்டின் முகவரியையும் இன்டரப்டையும் திருத்தவோ தேவையற்ற டிரைவரை நீக்கவோ வழி தந்தது. ஓப்பன்பிஎஸ்டியில் கெர்னலை மறுபடி தொகுக்காமலே, ஒரு டிரைவரைப் பெயர் சொல்லி முடக்கிவிட்டு மேலே போகலாம். கெர்னல் ஒரு டிரைவரின் பெயரைத் திரையில் எழுதுகிறது, அங்கே நின்றுபோகிறது, அடுத்த முறை உரிமையாளர் அதே பெயரைச் சொல்லி அதை ஒதுக்குகிறார். அச்சிட்ட பெயரும் தட்டச்சு செய்யும் பெயரும் ஒன்றாக இருந்ததால்தான், கெர்னலின் உள்கட்டமைப்பு தெரியாதவரும் அதைச் சரிசெய்ய முடிந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும். அதே கணினியில் டாஸ் சுகமாக பூட் ஆனதே, அப்படியானால் குறை யூனிக்ஸ் வகை அமைப்புகளிடம்தானே என்று அன்றும் கேட்டார்கள். டாஸ் தடுமாறாததற்குக் காரணம் அது தேடாததுதான். டிஸ்கைப் படிக்க, மதர்போர்டில் பதிந்த தொடக்க நிரலான பயாஸைக் கேட்டது. சவுண்ட் கார்டு 220இல், இன்டரப்ட் 5இல் இருக்கிறது என்பதைப் பயனர் ஒரு வரியில் எழுதிவைத்தார். பிடிபி-11 நிர்வாகி செய்த வேலையை வீட்டுப் பயனர் தலையில் கட்டியதுதான் டாஸின் அமைதி. டாஸ் தலைமுறையும் தேட ஆரம்பித்தபோது என்ன ஆயிற்று என்பதற்கு விண்டோஸ் 95 சான்று. அதன் நிறுவல் நிரல் வன்பொருளைத் தேடும்போது உறைந்துபோகலாம் என்று மைக்ரோசாஃப்ட்டுக்கு முன்பே தெரிந்திருந்தது. அதனால், எந்தத் தேடுதல் நடக்கிறது என்பதை 'டெட்கிராஷ்' என்ற கோப்பில் குறித்துக்கொண்டே போனது. மின்சாரத்தை நிறுத்தி மறுபடி போட்டால், அந்தக் குறிப்பைப் பார்த்துச் சிக்கிய இடத்தைத் தாண்டிப் போகும். ஆக, நோய் பஸ்ஸினுடையது. தேடத் துணிந்த எல்லா அமைப்பையும் அது தாக்கியது. மருந்தும் ஒன்றுதான்: எங்கே நிற்கிறோம் என்பதை முன்கூட்டியே பதிந்துவைப்பது. விண்டோஸ் அதைப் பெரும்பாலும் தனக்காகக் கோப்பில் எழுதிக்கொண்டது. யூனிக்ஸ் வழிவந்தவை பார்ப்பவர் கண்முன்னே எழுதின.

இந்தப் பழக்கத்தின் உச்சமாக நான் கருதுவது, வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் எழுதிய லிலோ என்ற பூட் லோடர். பயாஸ் டிஸ்கிலிருந்து முதலில் எடுத்துத் தருவது 512 பைட் மட்டும். அதில் பார்ட்டிஷன் பட்டியலுக்கும் முடிவுக் குறிக்கும் இடம் போனால் நிரலுக்கு மிஞ்சுவது 446 பைட். பிழைச் செய்தியை வாக்கியமாக எழுத அதில் இடமில்லை. அதனால் லிலோ தன் பெயரின் நான்கு ஆங்கில எழுத்துகளையே படிக்கட்டாக்கியது. ஒன்றும் தெரியாவிட்டால் லிலோவே ஏறவில்லை. 'எல்' என்ற முதல் எழுத்தும் அதைத் தொடர்ந்து ஈரிலக்க எண்களும் வந்தால், முதல் கட்டம் ஓடுகிறது, ஆனால் இரண்டாம் கட்டத்தை டிஸ்கிலிருந்து எடுக்க முடியவில்லை. 'எல், ஐ' என்று இரண்டோடு நின்றால், இரண்டாம் கட்டம் நினைவகத்துக்கு வந்துவிட்டது, ஓட முடியவில்லை. மூன்றெழுத்தோடு நின்றால், இரண்டாம் கட்டம் ஓடுகிறது, கெர்னல் டிஸ்கில் எங்கே இருக்கிறது என்ற வரைபடம் கிடைக்கவில்லை. நான்கும் வந்தால் எல்லாம் சரி. இரண்டெழுத்தில் நின்றதற்குப் பெரும்பாலும் காரணம், டிஸ்கின் அளவுகளைப் பயாஸ் ஒருவிதமாகவும் லிலோ வேறுவிதமாகவும் எண்ணியது, அல்லது கோப்பை இடம் மாற்றிவிட்டு லிலோவை மறுபடி நிறுவாதது. பழைய பயாஸ் 1024 சிலிண்டருக்கு மேல் எண்ணாது. கெர்னல் அந்த எல்லைக்கு அப்பால் போய் உட்கார்ந்தால் பூட் ஆகாது. லிலோவின் வளர்ச்சி 2015 இறுதியில் நின்றுவிட்டது. ஆனாலும் நான்கே எழுத்தில் நான்கு நோயைப் பிரித்துச் சொன்ன அந்தச் சிக்கனத்தைப் போல் வேறொன்றை நான் அறியேன்.

கடைசி வரியை நம்பக் கூடாது என்பது அடுத்த மறுப்பு. திரையில் நிற்பது வெற்றிகரமாக முடிந்த கடைசி வேலை. குற்றவாளி அதற்கு அடுத்துப் பேசாமல் நடந்த வேலை என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது; அனுபவம் இல்லாதவர்கள் வழிதவறுவதும் இங்கேதான். ஆனால் கெர்னல் எழுதியவர்களே இதை உணர்ந்து, அபாயமான இடங்களில் வரியை இரண்டாகப் பிளந்தார்கள். 1990களின் லினக்ஸில் 'எச்எல்டி கட்டளையைச் சோதிக்கிறேன்' என்ற பொருளில் ஒரு செய்தி வரும். புள்ளிகளோடு வரி அங்கேயே நிற்கும். பிராசஸரை ஓய்வுக்கு அனுப்பும் அந்தக் கட்டளையை நான்கு முறை ஓட்டிப் பார்த்த பிறகுதான் அதே வரியில் 'ஓகே' விழும். 100 மெகாஹெர்ட்ஸ் 486 சில்லுகள் சில அந்த ஓய்விலிருந்து சரியாக எழுந்திருக்கவில்லை. அவற்றில் 'ஓகே' வராது. பாதி வரியே குற்றவாளியைக் காட்டிக்கொடுத்தது; பூட் வரியில் 'நோ-எச்எல்டி' என்று சேர்த்தால் சோதனையே நடக்காது. கெர்னல் தன் காத்திருப்புச் சுழலை அளக்கும் வரியும் இப்படித்தான். டைமர் இன்டரப்ட் ஒன்று வரட்டும் என்று அங்கே கெர்னல் சுற்றிக்கொண்டு காத்திருக்கும். வராவிட்டால் அந்தச் சுற்றுக்கு முடிவே இல்லை. பிராசஸரின் வேகத்தைச் சொல்லப்போகும் வரி அது என்பதால் பிராசஸரைச் சந்தேகிப்பார்கள். உண்மையில் பார்க்க வேண்டியது டைமரும் இன்டரப்ட் வழியும். வரி என்ன சொல்கிறது என்பதோடு, அந்த நேரத்தில் கெர்னல் எதற்குக் காத்திருக்கிறது என்றும் கேட்டால் மறுப்பின் பலம் போய்விடும்.

பழைய கணினியில் பழுது பெரும்பாலும் உலோகத்தில்தானே, வீங்கிய கெப்பாசிட்டருக்கும் கெட்டுப்போன ராமுக்கும் செய்தி வரிகள் என்ன செய்யும் என்று கேட்பவர்களும் உண்டு. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த மதர்போர்டுகள் பலவற்றில் கெப்பாசிட்டர்கள் வீங்கிக் கசிந்தது உண்மை. பயாஸ் அமைப்புகளைக் காக்கும் சிறு பேட்டரி தீர்ந்துபோவதும் சாதாரணம். ஆனால் உலோகமா நிரலா என்று பிரித்தறியும் முதல் கருவியே அந்த வரிகள்தான். ஒவ்வொரு முறையும் ஒரே வரியில் நின்றால் டிரைவரையும் அமைப்பையும் சந்தேகிக்கலாம். ஒருமுறை டிஸ்க் வரியில், மறுமுறை நெட்வொர்க் வரியில், இன்னொரு முறை சுருக்கிவைத்த கெர்னல் விரியும்போதே என்று இடம் மாறிக்கொண்டிருந்தால் ராமையும் பவர் சப்ளையையும் சூட்டையும் பார்க்க வேண்டும். மெம்டெஸ்ட் 86 போன்ற நிரலை ஓடவிட வேண்டிய வேளை அது. வரிகள் இல்லாவிட்டால் இரண்டு நிலைகளும் ஒரே வெற்றுத் திரையாகத்தான் தெரியும். திரையே கெட்டிருந்தால்கூட, சீரியல் கேபிளை இன்னொரு கணினியில் செருகி, வினாடிக்கு 9600 பிட் வேகத்தில் அதே வரிகளைப் படித்துவிடலாம். உறைந்த கெர்னலால் டிஸ்கில் எழுத முடியாது என்பதால், இந்தக் கம்பி பல நேரம் ஒரே சாட்சி.

காலம் மாறிவிட்டது, சாதனங்கள் தம்மைத் தாமே அறிவிக்கின்றன, இந்தப் பேச்செல்லாம் இனி எதற்கு என்ற மறுப்புதான் கனமானது. 1992இல் வந்த பிசிஐ பஸ்ஸில் ஒவ்வொரு சாதனத்துக்கும் தயாரிப்பாளர் எண்ணும் சாதன எண்ணும் உண்டு; கண்மூடித் தட்டிப்பார்க்க வேண்டியதில்லை. ஐஎஸ்ஏ கார்டுகளுக்கும் 1993இல் பிளக் அண்ட் பிளே முறை வந்தது. ஐஎஸ்ஏ தந்த ஹேங் இதனால் பெருமளவு ஒழிந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் 1996 டிசம்பரில் இன்டெலும் மைக்ரோசாஃப்ட்டும் தோஷிபாவும் சேர்ந்து வெளியிட்ட ஏசிபிஐ, வன்பொருளைப் பற்றிய விவரணையை மதர்போர்டு தயாரிப்பாளர் எழுதிய நிரலாகக் கெர்னல் கையில் கொடுத்தது. தன்னைப் பற்றித் தானே சொல்லும் சாதனம் தவறாகவும் சொல்லலாம். இன்டரப்ட் வழியைப் பிழையாகச் சொன்ன பயாஸ்களால் கணினிகள் பூட்டில் நின்றன. 'ஏசிபிஐ ஆஃப்', 'நோ ஏபிக்' என்ற சொற்கள் பூட் வரியில் இடம்பிடித்தன. குறிப்பிட்ட ஆண்டுக்கு முந்தைய பயாஸ் என்றால் ஏசிபிஐயை நம்பாதே என்று சொல்லும் அமைவுகூட லினக்ஸ் கெர்னலில் இருந்தது. தேடுதலில் வந்த பிழை போய், விவரணையில் வரும் பிழை வந்தது. இரண்டுக்கும் உதவிய மருந்து ஒன்றே: கெர்னல் என்ன நம்பிச் செயல்படுகிறது என்று சொல்லவேண்டும், அதை மறுக்க உரிமையாளருக்கு வழி வேண்டும்.

இந்த மருந்தைத்தான் நாகரிகம் கருதி மறைக்கத் தொடங்கினார்கள். 2003இல் வந்த, ஃபெடோரா என்ற லினக்ஸ் தொகுப்பின் முதல் வெளியீட்டிலேயே வரைகலைப் பூட் திரை இருந்தது; 2008இல் ஃபெடோரா 10 பிளைமவுத் என்ற பூட் திரை நிரலைக் கொண்டுவந்தது. எழுத்து மழை சாதாரண மனிதரை மிரட்டுகிறது என்ற வாதத்தை நான் ஒதுக்கவில்லை. நன்றாக ஓடும் கணினி அமைதியாகத் திறப்பதில் தவறில்லை. எஸ்கேப் விசையைத் தட்டினால் வரிகள் தெரியும் என்று பிளைமவுத் வைத்திருப்பது நியாயமான சமரசம். ஆனால் மறைப்பது வேறு, இல்லாமல் செய்வது வேறு. சொல்லும் பழக்கம் இன்றும் எவ்வளவு உதவுகிறது என்பதற்குப் பழைய மடிக்கணினிகளே சாட்சி. முதல் தலைமுறைப் பென்டியம் எம் சில்லில், நினைவக முகவரிகளை விரிக்கும் பிஏஇ வசதி உள்ளே இருந்தும், இருப்பதாக அது அறிவிக்காது. அந்த வசதியைக் கேட்கும் புதிய கெர்னல், இன்னது இல்லாததால் ஓட முடியாது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நிற்கும். அந்த வரி இருந்ததால்தான் காரணம் தெரிந்தது. 2014இல் 'ஃபோர்ஸ் பிஏஇ' என்ற பூட் சொல்லும் வந்து அந்தச் சில்லுகள் மீண்டன. அதற்கு மாறாக, 2009க்குப் பிறகு கெர்னலே திரையின் பொறுப்பை எடுத்துக்கொள்ளும் கட்டத்தில் பழைய கிராஃபிக்ஸ் சில்லுகள் சில இருண்டுபோகும். கணினி உள்ளே ஓடிக்கொண்டே இருக்கலாம். பார்ப்பவர் செத்துவிட்டது என்று தூக்கி எறிந்துவிடுவார். 'நோமோட்செட்' என்ற ஒரு சொல் தெரிந்திருந்தால் அது பிழைத்திருக்கும்.

இந்த வரலாறு பழைய கணினி வைத்திருப்பவர்களோடு முடிந்துவிடுவதில்லை. இன்றைய ஆண்ட்ராய்டு ஃபோனுக்குள் ஓடுவதும் லினக்ஸ் கெர்னல்தான். அதே வரிகள் அதற்குள்ளும் உருவாகின்றன. நிறுவனத்தின் சின்னத்தோடு அது நின்றுபோகும்போது, எங்கே நின்றது என்று உரிமையாளருக்குத் தெரிவதில்லை. தெரிந்தாலும் பூட் வரியில் ஒரு சொல்லைச் சேர்க்கும் உரிமை பொதுவாக அவரிடம் இல்லை. பாதுகாப்புக்காகப் பூட்டியிருக்கிறோம் என்பார்கள். திருடன் கையில் சிக்கிய ஃபோனுக்கு அது சரி. ஆனால் படிக்க விடுவதால் எந்தப் பூட்டும் திறந்துவிடாது. ஐஎஸ்ஏ போன்ற ஊமை பஸ்ஸின் மேலும், தப்பாகப் பேசிய பயாஸின் மேலும் யூனிக்ஸ் வழிவந்த அமைப்புகள் இருபதாண்டு பழைய இயந்திரங்களை ஓட்டிக்காட்டியது, நின்ற இடத்தைச் சொன்னதாலும் உரிமையாளர் சொன்னதைக் கேட்டதாலும்தான். ஒரு சாதனத்தைப் பழுதுபார்க்கத் தக்கதாக்குவது உதிரிபாகங்களும் திருகாணிகளும் மட்டுமே என்று நினைத்துச் சட்டம் எழுதினால் போதாது. பூட் ஆகும்போது அது சொல்வதை உரிமையாளர் படிக்கும் வழியும், பதிலுக்கு ஒரு சொல் சொல்லும் வழியும் அந்தச் சட்டத்தில் இடம்பெற வேண்டும்.